அடிக்கு ஓர் அங்குலம்

நகரும் சித்திரங்களின் கதை – 14

சென்ற வாரம் உங்களை 1941ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், பர்பாங்க் நகரில், டிஸ்னி ஸ்டூடியோவின் வாசலில் நிறுத்தியிருந்தேன். உள்ளே ‘டம்போ’ படத்தின் வேலை நடக்கிறது. வெளியே, நேற்றுவரை அந்த மேசைகளில் உட்கார்ந்து வரைந்தவர்கள் அட்டை ஏந்தி நிற்கிறார்கள். சம்பளம், சங்கம் வைக்கும் உரிமை, படத்தில் தங்கள் பெயர் வரவேண்டும் என்ற ஆசை, எல்லாம் அந்த அட்டைகளில் இருக்கின்றன. காரில் உள்ளே நுழையும் வால்ட் டிஸ்னிக்கு அந்த முகங்களில் பல பெயர் சொல்லிப் பழகிய முகங்கள்.

அதிலிருந்து 14 ஆண்டுகள் கழித்து, 1955 ஜூலை 17 அன்று, அதே மனிதர் அனஹைம் என்ற ஊரில் ஆரஞ்சுத் தோட்டமாக இருந்த 160 ஏக்கர் நிலத்தில் ஒரு பூங்காவைத் திறந்து வைக்கிறார். கோட்டை, ஆறு, படகு, ரயில், ஒரு பழைய கடைத்தெரு. உலகம் அதுவரை பார்த்திராத ஓர் இடம்.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது? படம் வரைவித்துப் புகழ்பெற்றவர் நிலம் வாங்கிக் கோட்டை கட்டப் போனது எதனால்? தொலைக்காட்சியின் வருகை, போர் முடிந்த பிறகு பெருகிய குடும்பங்கள், வீட்டுக்கு வீடு கார் என்று வரலாற்றாசிரியர்கள் காரணங்களை அடுக்குகிறார்கள். எல்லாம் உண்மையே. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஒருவர் தம் கையால் செய்த ஒரு குட்டி இரும்பு அடுப்பு இருக்கிறது. இந்த வாரம் அந்த அடுப்பின் கதை. அதைத் தேடி நான் போனது அனஹைமுக்கு அல்ல, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு.

பாசறையில் ஒரு வீடு

சான் ஃபிரான்சிஸ்கோவின் வடக்கு நுனியில், கோல்டன் கேட் பாலத்துக்கு அருகில், பிரசிடியோ என்ற இடம் இருக்கிறது. 1776இல் ஸ்பானியர்கள் கோட்டை போட்ட இடம் அது. பிறகு மெக்சிகோவிடமும், அதற்கும் பிறகு அமெரிக்க ராணுவத்திடமும் இருந்து, 1994இல் தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது. அங்கே அணிவகுப்பு மைதானத்தை ஒட்டி, 1890களில் கட்டிய செங்கல் பாசறைகள் வரிசையாக நிற்கின்றன. சிப்பாய்கள் படுத்துறங்கிய அந்தக் கட்டடங்களில் ஒன்றுதான் இன்று வால்ட் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகம்.

பெயரில் உள்ள ‘குடும்பம்’ என்ற சொல் முக்கியமானது. இது டிஸ்னி கம்பெனியின் சொத்து இல்லை. டிஸ்னியின் மூத்த மகள் டயான் டிஸ்னி மில்லர் முன்னின்று உருவாக்கிய, லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு இதை நடத்துகிறது. டிஸ்னி என்றால் ஒரு வியாபார முத்திரை என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள், அந்தப் பெயரில் ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதே மறந்துபோகிறது என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. தந்தையைப் பற்றி எழுதப்பட்ட சில புத்தகங்களும் அவரைப் புண்படுத்தியிருந்தன. 2009 அக்டோபர் 1ஆம் தேதி இதைத் திறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 நவம்பரில் மறைந்தார்.

நான் போன அன்று காலை கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து பாலத்தின் சிவப்புத் தூண்களை மறைத்திருந்தது. உள்ளே நுழைந்தவுடன் கூடம் முழுக்க விருதுகள். நடுவில், ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்காக 1939இல் தரப்பட்ட சிறப்பு ஆஸ்கர்: ஒரு முழு அளவுச் சிலை, அதன் பக்கத்தில் படிக்கட்டு போல இறங்கும் ஏழு குட்டிச் சிலைகள். எத்தனையோ முறை புகைப்படத்தில் பார்த்ததுதான். நேரில் பார்த்தபோது கண் பெரிய சிலையில் நிற்கவில்லை, அந்த ஏழின் மேலேயே போனது. அன்று முழுவதும் எனக்கு அப்படித்தான் நடந்தது. பெரியவற்றைத் தாண்டி, சிறியவற்றின் முன்னால் போய் நின்றேன்.

பதினைந்து விநாடிக்கு ஒரு சுவர்

கீழ்த்தளத்தில் பிள்ளைப்பருவம். 1901 டிசம்பர் 5இல் சிகாகோவில் பிறப்பு, மிசௌரி மாநிலத்து மார்செலின் என்ற சிற்றூரில் சில ஆண்டுகள், பிறகு கான்சாஸ் சிட்டியில் விடியுமுன் எழுந்து பத்திரிகை போட்ட நாட்கள். முதல் உலகப்போர் முடிந்த கையோடு பிரான்சில் செஞ்சிலுவைச் சங்கத்து ஆம்புலன்ஸ் ஓட்டியது, கான்சாஸ் சிட்டியில் தொடங்கிய ‘லாஃப்-ஓ-கிராம்’ கம்பெனி திவாலானது, எல்லாவற்றையும் இத்தொடரின் முதல் வாரங்களில் பார்த்திருக்கிறோம். அங்கிருந்து மேல்தளத்துக்குப் போகும் லிஃப்டை ரயில் பெட்டி போலவே செய்திருக்கிறார்கள். 1923இல் டிஸ்னி கையில் 40 டாலரோடு ஹாலிவுட்டுக்கு ரயிலேறிய பயணம் அது. கதவு திறந்தால் கலிபோர்னியா.

மேலே ஒரு சுவரின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். 1928இல் வந்த ‘ஸ்டீம்போட் வில்லி’ படத்தின் ஃப்ரேம்கள் வரிசை வரிசையாக அந்தச் சுவரை நிறைத்திருக்கின்றன. மொத்தம் 348. திரையில் ஓடவிட்டால் 15 விநாடிகூட வராது. ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கைப் பல தடவை எழுதியிருக்கிறேன். அதைச் சுவரளவாகப் பார்த்தபோதுதான் அந்தக் கணக்கின் பாரம் தெரிந்தது. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே படாது. சுக்கான் சக்கரம் ஒரு மயிரிழை திரும்பியிருக்கும், அவ்வளவுதான். ‘ஸ்னோ ஒயிட்’ 83 நிமிடப் படம். ஃப்ரேம் கணக்கில் அது ஏறக்குறைய 1,20,000.

இந்தத் தொழிலின் அடிப்படை குணம் இதில் இருக்கிறது. அனிமேஷன் கலைஞர் பெரிய அசைவைச் செய்வதில்லை. மிகச் சிறிய அசைவை ஆயிரக்கணக்கில் செய்கிறார். பெரிதாகத் தெரிவது எல்லாம் சிறியதைப் பொறுமையாகச் சேர்த்ததன் பலன். அந்தப் பொறுமை பழகிய கைதான் பின்னால் சிற்றுருக்களைத் தேடிப் போனது.

அதே கூடங்களில் இரண்டு தளங்களை ஊடுருவி நிற்கும் ஓர் இயந்திரமும் உண்டு. மல்டிபிளேன் காமிரா. 1937இல் ‘தி ஓல்டு மில்’ என்ற குறும்படத்திலும், அந்த ஆண்டுக் கடைசியில் ‘ஸ்னோ ஒயிட்’டிலும் பயன்பட்ட கருவி. அதற்கு முன்னும் ஜெர்மனியில் லோட்டே ரைனிகரும், அமெரிக்காவில் அப் ஐவர்க்ஸும் இதே யோசனையைத் தங்கள் வழியில் செய்து பார்த்திருந்தார்கள். டிஸ்னி ஸ்டூடியோ அதை ஆளுயரத்தைத் தாண்டிய ஓர் இரும்புச் சட்டமாக வளர்த்தது.

அதன் வேலையை எளிதாகச் சொல்லலாம். நிலா வெளிச்சத்தில் ஒரு வீட்டை நோக்கி நடக்கிறீர்கள். வேலி உங்களைத் தாண்டிப் போகிறது, வீடு மெல்லப் பெரிதாகிறது, நிலா மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரே தாளில் வரைந்த படத்தைக் காமிரா நெருங்கினால் வேலியும் வீடும் பெரிதாவது போலவே நிலாவும் ஊதிப் பெரிதாகும். பார்க்கிறவருக்கு அது தாள் என்று தெரிந்துவிடும். அதனால் வேலியை ஒரு கண்ணாடித் தட்டிலும், வீட்டை அதற்குக் கீழே ஒரு தட்டிலும், நிலாவை அடித்தட்டிலும் தீட்டினார்கள். மேலே உச்சியில் காமிரா கீழ்நோக்கிப் பார்க்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒவ்வொரு தட்டையும் அதனதன் வேகத்தில் நகர்த்தினார்கள். நிலாவை அசைக்கவில்லை. தாளுக்குள் ஒரு வெளி பிறந்தது.

அந்த இரும்புச் சட்டத்தின் அருகில் நின்று கண்ணாடித் தட்டுகளைப் பார்த்தபோது, கட்டப்படப் போகும் பூங்கா இங்கேயே தொடங்கிவிட்டது என்று தோன்றியது. காமிரா போய்வரும் அந்த வெளிக்குள் மனிதரும் போய்வர முடிந்தால்?

கையளவு உலகம்

வேலைநிறுத்தத்தை இந்த அருங்காட்சியகம் மறைக்கவில்லை. அந்தக் காலப் புகைப்படங்கள் சுவரில் இருக்கின்றன. மகள் கட்டிய இடத்தில் தந்தைக்கு வேதனை தந்த பக்கத்துக்கும் இடம் இருப்பதை மதிப்போடு குறிப்பிட வேண்டும். அதையடுத்து போர். ராணுவத்துக்கான பயிற்சிப் படங்கள், கடன், போர் முடிந்தபின் ஒட்டுப்போட்ட தொகுப்புப் படங்கள். முன்பு ஒவ்வொரு கோட்டிலும் தலையிட்டவர், 1946, 47இல் தம் ஸ்டூடியோவிலேயே அந்நியர் போல் நடமாடினார் என்று உடனிருந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1,20,000 ஃப்ரேம்களையும் ஒருவர் கையில் பிடித்துவைக்க முடியாது. நூற்றுக்கணக்கானவர்களின் கைகள் வேண்டும். அந்தக் கைகளோடு இருந்த உறவு 1941இல் முறிந்திருந்தது.

1947 கிறிஸ்துமஸ் சமயத்தில் டிஸ்னி தமக்கென்று ஒரு மின்சாரப் பொம்மை ரயில் வாங்கி, அலுவலகத்தை ஒட்டிய அறையில் தண்டவாளம் போட்டார். அவரிடம் வேலை பார்த்த அனிமேட்டர்கள் இருவர் அவருக்கு முன்பே ரயில் பித்துப் பிடித்தவர்கள். வார்டு கிம்பல் தம் வீட்டு வளாகத்தில் நிஜ ரயில் எஞ்சினையே வைத்திருந்தார். ஆலி ஜான்ஸ்டன் தோட்டத்தில் ஓட்டக்கூடிய சிறிய நீராவி ரயிலைச் செய்துகொண்டிருந்தார். 1948இல் டிஸ்னியும் கிம்பலும் சேர்ந்து சிகாகோவில் நடந்த ரயில் கண்காட்சிக்குப் போனார்கள். திரும்பும் வழியில், ஹென்றி ஃபோர்டு பழைய வீடுகளையும் பட்டறைகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து அமைத்திருந்த கிரீன்ஃபீல்டு கிராமத்தையும் பார்த்தார்கள். ஒரு காலத்தையே ஓர் இடமாகக் கட்டலாம் என்பதை டிஸ்னி அங்கே கண்ணால் கண்டார்.

வந்ததும் ஸ்டூடியோவின் இயந்திரப் பட்டறைக்குப் போய், அதன் தலைவர் ரோஜர் ப்ராகியிடம் தொழில் கற்றுக்கொண்டார். உலகறிந்த முதலாளி லேத்தின் முன்னால் நின்று உலோகம் கடைந்தார். அப்படி உருவானதுதான் ‘லில்லி பெல்’ என்ற நீராவி எஞ்சின். மனைவி லில்லியனின் பெயர். அளவு எட்டில் ஒன்று, அதாவது அடிக்கு ஒன்றரை அங்குலம். ஹோம்பி ஹில்ஸ் வீட்டைச் சுற்றி அரை மைல் தண்டவாளம் போட்டு, வீட்டு நிலத்தில் ரயில் விட அனுமதி கேட்டு மனைவி, மகள்களோடு விளையாட்டாக ஓர் ஒப்பந்தப் பத்திரமும் எழுதினார். லில்லியனின் பூந்தோட்டத்துக்கு இடைஞ்சல் வராமலிருக்க அதன் அடியில் 90 அடி நீளத்துக்குச் சுரங்கப் பாதை. அதை நேராக வெட்டினால் செலவு குறையும் என்றார்கள். அவர் வளைத்து வெட்டச் சொன்னார். நேராக இருந்தால் நுழையும்போதே மறுமுனை தெரிந்துவிடும். வளைவில்தான் இருட்டும் எதிர்பார்ப்பும் இருக்கின்றன. தோட்டத்து ரயிலுக்கும் அவர் திரைக்கதை எழுதினார்.

‘லில்லி பெல்’ இப்போது இந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. பித்தளையும் சிவப்பும் பச்சையும் பளபளக்க, முழங்கால் உயரத்தில் ஒரு முழுமையான எஞ்சின். எட்டில் ஒரு பங்குதானே என்று எந்த ஆணியையும் விட்டுவைக்கவில்லை.

இந்த ரயிலின் கடைசியில் மாட்டிய கார்டு பெட்டியை டிஸ்னியே செய்தார். பெட்டிக்குள் காவலர் குளிர்காய ஓர் அடுப்பு வேண்டுமல்லவா? பழைய ரயில் நிலையங்களில் இருந்த வயிறு பருத்த இரும்பு அடுப்பை அதே வடிவில் குட்டியாக வார்த்தெடுத்தார். அது அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. ஏறக்குறைய 100 அடுப்புகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறம் தீட்டினார். சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்தார். சிலவற்றை நியூயார்க்கில் ஒரு பழம்பொருள் கடையில் 25 டாலர் விலைக்கு வைத்தார். பணத்துக்காகச் செய்த வேலையில்லை அது. அச்சிலிருந்து எடுத்து, அரம் போட்டு, வண்ணம் பூசி, முழுதாகத் தன் கையிலேயே முடிகிற ஒரு பொருள். பல ஆண்டுகளாக அவருக்கு அது வாய்த்திருக்கவில்லை.

இதை உலகத்திலிருந்து ஒளிந்துகொண்டதாக எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணலில் சிற்றில் கட்டும் பிள்ளை உலகத்தை விட்டு ஓடுவதில்லை. தன் கைக்கு அடங்கும் அளவில் உலகத்தைக் கட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. 46, 47 வயதில் டிஸ்னி செய்ததும் அதுதான்.

பாட்டி வீடும் பெரிய கணக்கும்

இந்த ஆசைக்கு விதை அதே சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் விழுந்தது. 1939இல் ட்ரெஷர் ஐலண்ட் என்ற செயற்கைத் தீவில் கோல்டன் கேட் சர்வதேசப் பொருட்காட்சி நடந்தது. சிகாகோவைச் சேர்ந்த நார்சிஸா நிப்லாக் தார்ன் என்ற பெண்மணி கைவினைஞர்களை வைத்துச் செய்வித்த குட்டி அறைகள் அங்கே காட்சிக்கு வந்திருந்தன. ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் உட்புறங்கள், நாற்காலி, விளக்கு, கம்பளம் உட்பட, அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில். இன்று அவற்றில் 68 அறைகள் சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து மயங்கியவர்களில் டிஸ்னியும் ஒருவர். அதன்பின் வெளியூர் போகும்போதெல்லாம் குட்டிச் சாமான்களைத் தேடித் தேடி வாங்கினார். அவர் சேகரித்த அந்தச் சொப்புகளும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுத்தவர், நகத்தளவு பாத்திரத்தைக் கடைக்காரரிடம் ஆசையாக வாங்கியிருப்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

அடுத்து ஒரு வீடு. ‘சோ டியர் டு மை ஹார்ட்’ என்ற அவருடைய படத்தில் வரும் கிராமத்துப் பாட்டியின் மரவீட்டைக் குட்டியாகச் செய்தார். புகைபோக்கிக்காகப் பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் கூழாங்கற்களைத் தாமே பொறுக்கினார். 1952 கடைசியில் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு கண்காட்சியில் அதை வைத்தபோது கூட்டம் மொய்த்தது. வீட்டுக்குள் ஆள் இல்லை. ஆனால் பாட்டி இப்போதுதான் எழுந்து உள்ளே போயிருக்கிறாள் என்று நம்பும்படி எல்லாம் இருந்தது.

அதோடு நிற்காமல், ஆளையும் செய்து பார்த்தார்கள். நடிகர் பட்டி எப்சனைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் ஆடவிட்டுப் படமெடுத்து, அந்த அசைவுகளைச் சிறு உலோகத் தகடுகளின் விளிம்பில் செதுக்கி, ஒன்பது அங்குல மனித உருவம் ஒன்றை மேடையில் ஆடவைத்தார் ரோஜர் ப்ராகி, வாத்தெல் ரோஜர்ஸ் முதலியோர் கொண்ட குழுவினர். ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்த அசைவு இங்கே தகட்டின் ஏற்ற இறக்கமாக மாறியது.

இப்படிப் பல காட்சிகளைச் செய்து, ரயில் பெட்டிகளில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய், காசு போட்டால் அசையும்படி காட்டலாம் என்பது திட்டம். கணக்குப் போட்டபோது அது தேறவில்லை. ஒரு சமயத்தில் ஒரு சிலர்தான் எட்டிப் பார்க்க முடியும். வரும் காசு செலவுக்கே போதாது. சிற்றுருவின் அழகே அதன் வியாபாரக் குறையாக நின்றது. நெருங்கி நின்று பார்க்க வேண்டும், அதுவும் ஒருவர் பின் ஒருவராக.

அப்போதுதான் கணக்கைத் தலைகீழாக்கினார். பொம்மை வீட்டைப் பார்க்க மனிதர் குனிவதற்குப் பதில், மனிதர் நடந்து போகும் அளவுக்குப் பொம்மை வீடு வளரட்டும்.

சுண்ணத்திலும் அட்டையிலும் ஒரு கோட்டை

1952 டிசம்பரில் வெட் என்டர்பிரைசஸ் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கினார். தம் பெயரின் மூன்று முதலெழுத்துகளே அதன் பெயர். ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கினார், விடுமுறை வீட்டை விற்றார். 1953 செப்டம்பர் கடைசியில் ஒரு வார இறுதி முழுக்க ஓவியர் ஹெர்ப் ரைமன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இல்லாத பூங்காவின் வான்காட்சி தாளில் எழுந்தது. அதை எடுத்துக்கொண்டு அண்ணன் ராய் நியூயார்க் போனார். ஏபிசி தொலைக்காட்சி 5 லட்சம் டாலர் முதலீட்டுக்கும், 45 லட்சம் டாலர் கடனுக்கான உத்தரவாதத்துக்கும் ஒப்புக்கொண்டது. கடைசியில் ஆன செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர்.

கட்டடக் கலைஞர்களைவிட அவர் அதிகம் நம்பியது படக்காரர்களைத்தான். ‘பினோக்கியோ’ காலத்திலேயே ஸ்டூடியோவில் களிமண்ணிலும் மரத்திலும் மாதிரிகள் செய்யும் பிரிவு இருந்தது. அந்த வழியிலேயே பூங்காவுக்கும் ஒரு மாதிரிப் பட்டறை உருவானது. அதன் தொடக்கக் காலக் கைகள் மூன்று பேருடையவை: ஃபிரெட் ஜோர்கர், வாத்தெல் ரோஜர்ஸ், ஹாரியட் பர்ன்ஸ். வாளும் லேத்தும் துளைப்பொறியும் ஆண்களுக்கே உரியவை என்றிருந்த காலத்தில், அழகாக உடுத்திக்கொண்டு வந்து அவற்றின் முன்னால் நின்று வேலை செய்தவர் ஹாரியட் பர்ன்ஸ். டிஸ்னி குனிந்து, மாதிரியின் தெருவில் கண்ணை வைத்துப் பார்ப்பார். காமிரா பார்க்கிற மாதிரி. மேலிருந்து பார்த்தால் அழகாக இருப்பது போதாது. நடக்கிறவர் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும்.

கோட்டையின் மாதிரி செய்தபோது ஹெர்ப் ரைமன் அதன் மேல்பகுதியைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் டிஸ்னி உள்ளே வந்தார். திரும்பிய வடிவமே அவருக்குப் பிடித்தது. இன்று கோடிக்கணக்கானவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கோட்டை அந்தத் திருப்பத்தில் பிறந்தது. அதன் உயரம் 77 அடிதான். உயரமாகத் தெரிவதற்குக் காரணம் கற்கள். அடியில் பெரிய கற்கள், மேலே போகப் போகச் சிறியவை. கடைத்தெருவிலும் மேல்மாடிகள் கீழ்த்தளத்தைவிடக் குறுகிய அளவில் எழுந்தன. மல்டிபிளேன் காமிராவின் கண்ணாடித் தட்டுகளைத் தரையில் நட்டுவைத்தது போலத்தான். 1959இல் எழுந்த மேட்டர்ஹார்ன் மலை 147 அடி, நிஜ மலையில் நூற்றில் ஒரு பங்கு. பூங்காவைச் சுற்றி ஓடும் முதல் இரண்டு ரயில் எஞ்சின்கள் ‘லில்லி பெல்’லின் வரைபடங்களைப் பெரிதாக்கிச் செய்தவை. தோட்டத்தில் ஓடிய ரயில் 1953இல் ஒரு விபத்தில் குழந்தை ஒன்றுக்கு நீராவி சுட்டதும் நின்றுபோயிருந்தது. அதன் உருவம் வளர்ந்து அனஹைமில் மறுபடி ஓடியது.

பெரிதாக்கிய சிற்றுருவான அந்தப் பூங்காவின் நடுவில், அசல் சிற்றுருக்களுக்கும் ஓர் ஓரம் கிடைத்தது. திறப்பு நாளில் ‘உலகக் கால்வாய்ப் படகுகள்’ என்று ஒரு சவாரி இருந்தது. காட்டுவதற்கு எதுவும் தயாராகவில்லை. படகு வெறும் மண் கரைகளுக்கு நடுவே போய்வந்தது. ஓராண்டு கழித்து, 1956 ஜூன் 16இல், அந்தக் கரைகளில் கதையூர் முளைத்தது. ஏழு குள்ளர்களின் குடிசை, மூன்று பன்றிக்குட்டிகளின் வீடுகள், பினோக்கியோவின் தகப்பன் கெப்பெட்டோவின் கிராமம், மலைமேல் சிண்ட்ரெல்லாவின் அரண்மனை. அளவு என்ன தெரியுமா? அடிக்கு ஓர் அங்குலம். ட்ரெஷர் ஐலண்டில் பார்த்த அந்தக் குட்டி அறைகளின் அதே அளவு. வீடுகளுக்கு ஏற்ற உயரத்தில் நிஜ மரங்களையே குறுக்கி வளர்த்து, வெட்டி வெட்டிப் பேணுகிறார்கள். வீடு வளராது, மரம் வளரும். ஆகவே அந்த ஊரைச் சிறியதாகவே வைத்திருக்கத் தோட்டக்காரர்களின் கத்தரி ஓய்வதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் படகில் உட்கார்ந்து போயிருக்கிறேன். சுற்றிலும் கூச்சலும் வேகமுமாக இருக்கும் பூங்காவில், அங்கே மட்டும் பெரியவர்களும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சிறியதன் முன்னால் நாமாகவே மெல்லப் பேசுகிறோம்.

மகள் கட்டிய ஊர்

அருங்காட்சியகத்தின் கடைசிக்கு முந்திய கூடம் சுருள் சுருளாகக் கீழே இறங்குகிறது. நடுவில், ஏறக்குறைய 12 அடி குறுக்களவில், வட்டமாக ஒரு டிஸ்னிலேண்ட். ரயில் சுற்றி ஓடுகிறது, நீரில் கப்பல் நிற்கிறது, சன்னல்களில் விளக்கு எரிகிறது. வந்தவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஒரு பாட்டனார் பேரப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்து விரலால் எதையோ காட்டினார். நான் டிஸ்னி செய்தது போலக் குனிந்து கடைத்தெருவின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். தெரு நீண்டு போய்க் கோட்டையில் முடிந்தது.

பிறகுதான் கவனித்தேன். இந்தப் பூங்கா எந்த ஆண்டின் பூங்காவும் இல்லை. 1955இல் இருந்து பின்னால் மறைந்தவையும் இதில் இருக்கின்றன. 1967இல் திறந்த கடற்கொள்ளையர் சவாரியும், 1969இல் திறந்த பேய் மாளிகையும், 1977இல் வந்த ஸ்பேஸ் மவுண்டனும் இருக்கின்றன. டிஸ்னி இறந்தது 1966 டிசம்பர் 15இல். அவர் நினைத்து, வரையச் சொல்லி, கண்ணால் காணாமல் போனவை இந்த மாதிரியில் அவர் கண்டவற்றோடு ஒரே மண்ணில் நிற்கின்றன. நிஜப் பூங்காவில் அது நடக்காது. அங்கே ஒன்று வர ஒன்று இடிய வேண்டும். சிற்றுருவில்தான் காலத்தையும் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும். தந்தை தன் சிறுவயது மார்செலினை நினைத்துக் கடைத்தெரு கட்டினார். மகள் தந்தையை நினைத்து இந்த ஊரைக் கட்டினார்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1941இல் வாசலில் நின்றவர்கள் கேட்டவற்றில் ஒன்று, செய்த வேலையில் தங்கள் பெயர். அனஹைமின் கடைத்தெருவில் இன்று நிமிர்ந்து மேல்மாடிச் சன்னல்களைப் படித்தால், பூங்காவைச் செய்தவர்களின் பெயர்கள் கடைப்பலகைகள் போல எழுதியிருக்கின்றன. அவற்றில் ஒரு சன்னல் ஹாரியட் பர்ன்ஸுடையது. கையால் செய்யும் சிற்றுருக்களுக்கான கடை என்று அதில் இருக்கிறது. உலகத்தைச் சிறியதாக்கிப் பார்த்தவர், கடைசியில் அந்தச் சிறிய உலகத்தைச் செய்த கைகளுக்கும் இடம் தேட வேண்டியிருந்தது. அந்தச் சன்னலை இந்தக் கதையின் முக்கியமான பக்கமாக நான் கருதுகிறேன்.

வெளியே வந்தபோது மூடுபனி விலகி, பாலம் முழுதாகத் தெரிந்தது. தொலைவிலிருந்து பார்க்க, அதன்மேல் போகும் கார்கள் எறும்பளவில் ஊர்ந்தன.

அடுத்த வாரம்: ஒன்பது அங்குல மனிதன் ஆளுயரம் வளர்ந்து, 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஆபிரகாம் லிங்கனாக நாற்காலியை விட்டு எழுந்து நின்ற கதை.